யூலா ட்ரிமும் நடந்து போன படகும்

யூலா ட்ரிம் படகு ஓட்டப் போகிறார் என்ற செய்தியைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

அப்போது நான் டொபேகோ தீவின் பிஜன் பாயின்ட் கடற்கரையில் கேப்டன் ஆப்ரியின் படகுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிப் படகு. நடுத்தரையில் கண்ணாடி பதித்திருக்கும். சுற்றி உட்கார்ந்து குனிந்தால் பவளப் பாறையும் மீன்களும் தெரியும். பக்கத்துப் பெரிய தீவான ட்ரினிடாடிலிருந்து கப்பலேறி விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் இந்தச் சவாரி போகாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். காலையில் பவளப் பாறை, பிறகு நைலான் குளம் என்று நாங்கள் சொல்லும் இடத்தில் குளியல், மதியம் மணல்திட்டில் சாப்பாடு, சாயங்காலம் கரை. நைலான் குளம் என்றால் நிஜக் குளம் அல்ல. கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலுக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரும் வெள்ளை மணலுமாகக் கிடக்கும் பரப்பு. எல்லாப் படகுக்கும் ஒரே வழி, ஒரே நேரம். யார் பாட்டு அதிகச் சத்தம் என்பதில்தான் போட்டி.

யூலாவுக்கு அந்த வருஷம் நாற்பத்தொரு வயது. பக்கத்து ஊரான பான் அக்கார்டில் பிறந்தவர். பதினெட்டு வருஷம் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தவர். அவருடைய தேங்காய் ரொட்டிக்காகவே அந்த விடுதிக்கு மறுபடி மறுபடி வந்த குடும்பங்கள் உண்டு. அண்ணன் கார்ல்டனிடம் 'மெர்சி' என்று ஒரு கண்ணாடிப் படகு இருந்தது. தொண்ணூற்றேழாம் வருஷம் ஜனவரி மாதத்தில் கார்ல்டன் ஈரப்பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி படகில் நிற்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்றுவிடலாம் என்று ஆள் பார்க்கச் சொன்னபோது யூலா ஒத்துக்கொள்ளவில்லை.

"இடுப்புதானே உடைஞ்சுது, வாய் உடையலையே. நாற்காலியில உக்காந்து எனக்குச் சொல்லிக் குடு."

"நீயா? உனக்கு அடுப்படியில புகை வந்தாலே தலை சுத்தும்."

"அந்தப் புகையில பதினெட்டு வருஷம் நின்னேன். இந்த டீசல் புகைக்கா பயப்படப் போறேன்?"

மூன்று மாதம் கார்ல்டன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினார். யூலா கடலில் வளைய வளைய வந்தார். உரிமத் தேர்வில் முதல் தடவை தோற்றார், இரண்டாம் தடவை தேறினார். அவர் முதல் முறை ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது நான் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று எங்கள் பயணிகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"மிஸ் யூலா, அது கியர். கரண்டி மாதிரி கிண்டக் கூடாது" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும்டா வின்ஸ்லோ. சட்டியா இருந்தா நீ இந்நேரம் தட்டைத் தூக்கிட்டு நின்னிருப்பே."

எங்கள் பயணிகளே சிரித்தார்கள். ஆப்ரி அன்று முழுக்க என்னை 'தட்டு' என்றுதான் கூப்பிட்டார்.

அவர் படகை நடத்திய விதம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கண்ணாடியைச் சுற்றி முதல் வரிசையில் பிள்ளைகள்தான் உட்கார வேண்டும். கேமராவோடு முண்டும் அப்பாமார்கள் பின்னால். பாறைக்கு மேலே போனதும் பாட்டை நிறுத்திவிடுவார். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு அழும் பிள்ளைகளுக்காக ஒரு குடம் நல்ல தண்ணீர். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்மாருக்கு முன்பக்கம் ஒரு துணி மறைப்பு. சாப்பாட்டிலும் பிள்ளைகளுக்குத்தான் முதல் தட்டு. அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை யாருக்கும் ரம் கிடையாது. நாங்கள் மெர்சிக்கு 'பள்ளிக்கூட பஸ்' என்று பேர் வைத்தோம். நைலான் குளத்தில் அந்தப் படகைப் பார்த்தால் ஆப்ரி மணி அடிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டுவார். யூலா பதிலுக்குக் கையசைத்துவிட்டு யாராவது ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடப் போய்விடுவார்.

முதல் வருஷம் ஆள் குறைவு. அதற்காக அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஈஸ்டர் வந்தது. எங்கள் தீவில் ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என்றால் பக்கூ ஊரில் ஆட்டுப் பந்தயம். வெள்ளை அரைக்கால்சட்டை போட்ட ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோடு சேர்ந்து ஓடுவார்கள். தீவே அங்கேதான் இருக்கும். அன்றைக்குப் படகுக்காரர்கள் எல்லாரும் காலையிலேயே ஒரு நடை முடித்துவிட்டுப் பக்கூவுக்கு விரட்டுவோம். மெர்சியில் அன்று பதினாறு பேர். அதில் ஏழு பேர் ஒரே குடும்பம்: மத்திய ட்ரினிடாடிலிருந்து வந்த சூக்தியோவும், அவர் மனைவி சாந்தியும், நான்கு பிள்ளைகளும், சாந்தியின் பெரியம்மாவும். மீதிப் பேர் ட்ரினிடாடின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து வந்த இரண்டு ஆசிரியைகளும், கைக்குழந்தையோடு வந்த அவர்கள் தோழியும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்.

சூக்தியோ ஏறும்போதே முகம் சுளித்துக்கொண்டுதான் ஏறினார். அவர் பேசியது பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது.

"கேப்டன் எங்க?"

"முன்னாடிதான் நிக்கறேன்" என்றார் யூலா.

சூக்தியோ அவரை மேலும் கீழும் பார்த்தார். "சரி. மூணு மணிக்கு ஆட்டுப் பந்தயத்துக்குப் போயிரணும். பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டேன். இந்தப் பெஞ்சு ஏன் இவ்வளவு ஒடுங்கிக் கிடக்கு?"

"பிள்ளைங்க சைஸுக்குப் போட்டதுங்க."

"சாப்பாடு எப்படி? எங்க பெரியம்மா மீன், கறி, நண்டு எதையும் தொட மாட்டாங்க. அந்தக் கரண்டி பட்டாலே சாப்பிட மாட்டாங்க."

"அவங்களுக்குத் தனிச் சட்டி இருக்கு, ஐயா. நேத்தே ஓட்டல்ல சொல்லிட்டாங்க. கீரைக்குழம்பு, சுட்ட ஈரப்பலா, பூசணிக்காய். கரண்டியும் புதுசு."

பெரியம்மா அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். சூக்தியோவுக்குக் குறை சொல்ல அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை. வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இனி நடந்ததில் பாதி நான் நேரில் பார்த்தது. மீதி யூலாவும் சூக்தியோவும் பிறகு சொல்லிக் கேட்டது.

பாறையைப் பார்த்து, நைலான் குளத்தில் ஒரு மணி நேரம் குளித்து, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு யூலா இன்ஜினைக் கிளப்பினார். மணல்திட்டு கிழக்கே ஒரு கோடு மாதிரித் தெரிந்தது. அங்கே கார்ல்டன் அடுப்பு மூட்டிக் காத்திருந்தார். அவரையும் சட்டிகளையும் காலையிலேயே ஒரு மீன்பிடிப் படகு கொண்டுபோய் இறக்கியிருந்தது. கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். இன்ஜின் திடீரென்று வீறிட்டது. சத்தம் மட்டும் ஏறியதே தவிர படகு நகரவில்லை. யூலா அணைத்துவிட்டு இன்ஜினைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரைத் தள்ளும் விசிறி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. வெறும் தண்டு மட்டும் இருந்தது.

அந்தக் காலத்தில் எங்களிடம் செல்போன் கிடையாது. சுற்றிலும் ஒரு படகு இல்லை. பதினாறு பேர், அதில் பத்துப் பேர் பிள்ளைகள். உச்சி வெயில். எல்லாருக்கும் பசி ஆரம்பித்திருந்தது.

"உள்ளுக்குள்ள பயம்தான்" என்று யூலா பிறகு என்னிடம் சொன்னார். "திரும்பினா முகத்தைப் பாத்துக் கண்டுபுடிச்சிருவாங்கன்னு இன்ஜினையே தடவிக்கிட்டு நின்னேன். அப்புறம் கீழ பாத்தேன். தண்ணி என் தொடையளவுதான் வரும்னு தெரிஞ்சுது. எங்கப்பா ஞாபகம் வந்துச்சு."

அவருடைய அப்பா அந்தக் கடல்கழியில் சங்கு எடுத்தவர். ஏழு வயதில் யூலா படகுக்கு முன்னால் தண்ணீரில் நடந்து, எங்கே மணல், எங்கே பள்ளம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே போவாராம். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் அந்தத் தரை அவர் காலுக்கு மறக்கவில்லை.

அவர் திரும்பினார். கைகளைத் தட்டினார்.

"சரி. இப்போ மெர்சிக்கு ஓய்வு குடுக்கற நேரம். காலையிலேர்ந்து அது நம்மளச் சுமந்துச்சு. இனி நாம அதை இழுத்துட்டுப் போவோம். யாருக்குக் கயிறு வேணும்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சூக்தியோவின் இரண்டாவது மகன் நிஷல் முதலில் கையைத் தூக்கினான். ஆசிரியைகளில் ஒருவர், "இது ட்ரிப்ல இருக்குன்னு நோட்டீஸ்ல போடலையே" என்றார்.

"போட்டா கூட்டம் தாங்காதும்மா" என்றார் யூலா.

சூக்தியோ எழுந்து பின்பக்கம் வந்தார். தூக்கி வைத்திருந்த இன்ஜினைப் பார்த்தார். யூலாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து, பளபளவென்று துடைத்து வைத்திருந்த ஷூவைக் கழற்றி, காலுறையை அதற்குள் சுருட்டி வைத்து, பேன்டை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு எந்தக் கயிறு?" என்றார்.

யூலா முன்னால் இறங்கினார். கைக்குழந்தையோடு வந்த தோழியும் பெரியம்மாவும் மட்டும் படகில். மற்ற எல்லாரும் தண்ணீரில். இரண்டு கயிறு, கயிற்றுக்கு ஆறு பேர். பெரியவர்கள் இரண்டு பேர் பக்கவாட்டில் படகைத் தள்ளினார்கள்.

"யாரும் காலைத் தூக்கி வைக்காதீங்க. மணல்ல தேய்ச்சுத் தேய்ச்சு நடங்க" என்றார் யூலா.

"ஏன் ஆன்டி?"

"திருக்கை படுத்திருந்தா சத்தம் கேட்டு எழுந்து போயிரும். நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா கதவைத் தட்டறாங்கல்ல, அது மாதிரி."

அதற்குப் பிறகு பிள்ளைகள் தேய்த்து நடந்ததோடு விடவில்லை, 'டக் டக், யாரு வீட்ல?' என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள். ஒரு சின்னத் திருக்கை உண்மையாகவே மணலை உதறிக்கொண்டு எழுந்து அவர்களுக்கு முன்னால் போனபோது அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். கண்ணாடி வழியாகக் காலையில் பார்த்த மீன்களை மறந்திருப்பார்கள், இதை மறந்திருக்க மாட்டார்கள். படகிலிருந்த பெரியம்மா பஜனைப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். போர்ட் ஆஃப் ஸ்பெயின் பிள்ளைகளுக்கு வார்த்தை தெரியாது. இழுப்புக்குத் தாளம் சரியாக இருந்ததால் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் நாங்கள் வந்தோம். ஆப்ரி பயணிகளை இறக்கிவிட்டுப் பக்கூவுக்கு விரட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் நின்றிருந்தேன். கடல் நடுவே ஒரு கூட்டம் பாடிக்கொண்டு படகை இழுத்துப் போவதைப் பார்த்து முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆப்ரிக்கு உடனே புரிந்தது.

"என்ன யூலா" என்று இன்ஜினை மெதுவாக்கிக் கத்தினார், "பள்ளிக்கூட பஸ் பஞ்சரா?"

நான் கயிற்றைச் சுருட்டி எறியத் தயாராக எடுத்தேன். எவ்வளவு கேலி பேசினாலும் கடலில் கயிறு கொடுக்காமல் போகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. யூலாவும் அதை வாங்கக் கையை நீட்டிவிட்டார். அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அந்தக் கயிறு அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் தெரிந்தது.

"வேண்டாம், வேண்டாம்" என்று நிஷல் கத்தினான். "நாங்கதான் இழுப்போம்."

"அவங்க வந்தா ஏமாத்து வேலை ஆயிரும்" என்றாள் ஒரு சின்னப் பெண்.

யூலாவின் கை பாதியில் நின்றது. அப்போது சூக்தியோ கயிற்றைத் தோளில் போட்டபடி எங்களைப் பார்த்தார். சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

"கேப்டன், ரொம்ப நன்றி. இது எங்க ட்ரிப்ல சேர்ந்தது. டிக்கெட் எடுத்திருக்கோம். நீங்க வழியில நிக்காம இருந்தா போதும்."

நாங்கள் ஒதுங்கினோம். ஆனாலும் ஆப்ரி பக்கூவுக்கு விரட்டவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி இன்ஜினைத் தணித்து நின்றுகொண்டார். "ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போவோம்" என்றார். எங்களுக்கு அன்றைக்கு ஆட்டுப் பந்தயம் போனது.

திட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. இருபது அடி அகலம் இருக்கும். ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர், நீரோட்டமும் உண்டு. யூலா அதை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார். பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, பிள்ளைகள் அத்தனை பேரையும் எண்ணிப் படகில் ஏற்றினார். நீந்தத் தெரிந்த பெரியவர்கள் படகின் விளிம்பைப் பிடித்து உதைத்துத் தள்ள வேண்டும். எல்லாரும் தயாரானபோது சூக்தியோ அவர் பக்கத்தில் வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னார்.

"எனக்கு நீந்தத் தெரியாது."

யூலாவே பிறகு சொன்னார், அந்த மனிதர்மேல் தனக்கு மதிப்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான் என்று. நீந்தத் தெரியாமலா எங்கள் கயிற்றை வேண்டாம் என்றார்?

ஆனால் அவர் மகன்கள் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு தூரம் முன்னால் நின்று இழுத்த அப்பாவைப் பயணிபோல் ஏறி உட்காரச் சொல்ல யூலாவுக்கு மனம் வரவில்லை. நீளமான தள்ளுகழியை எடுத்து நீட்டினார். எல்லாருக்கும் கேட்கும்படி, "மிஸ்டர் சூக்தியோ, கடைசி இருபது அடிதான் ரொம்பக் கஷ்டம். மேல பலசாலி ஒருத்தர் நின்னு கழி ஊன்றணும். நான் கீழ நீந்தறேன். நீங்க ஏறிக்குங்க" என்றார்.

அவர் ஏறினார். கழியை ஊன்றினார். ஆசிரியைகள் இருவரும் சாந்தியும் உதைத்தார்கள். யூலா வாயில் கயிற்று நுனியைக் கடித்துக்கொண்டு முன்னால் நீந்தினார். நீரோட்டம் படகை ஒரு தடவை பக்கவாட்டில் திருப்பியது. ஆப்ரி இன்ஜினைக் கிளப்பக் கை வைத்தார். அதற்குள் யூலாவின் கால் மறுபக்க மணலைத் தொட்டுவிட்டது. அவர் எழுந்து நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றி, பின்னால் சாய்ந்து இழுத்தார். மெர்சி நேரானது.

"இந்தப் பொம்பள" என்றார் ஆப்ரி. அதற்குப் பிறகு 'பள்ளிக்கூட பஸ்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

திட்டில் கார்ல்டன் ஊன்றுகோலோடு தண்ணீர் விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"எங்க போனீங்க? மீனைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, கருவாடா ஆக்கிட்டேன்."

"கருவாடா இருந்தாலும் குடு, அண்ணே" என்று யூலா மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

நாங்களும் இறங்கினோம். யாரும் கூப்பிடவில்லை, வாசனைதான் கூப்பிட்டது. தேங்காய்ப் பாலில் கொதித்த நண்டுக் கறி, அதில் ஊறிய தட்டை மாவுருண்டைகள், அடுப்பில் தோல் கருகிய ஈரப்பலா, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி, வாழைப்பழ வறுவல், கார்ல்டன் திட்டிக்கொண்டே எடுத்துக்கொடுத்த மீன். வழக்கமாகப் பாதித் தட்டை மிச்சம் வைக்கும் பிள்ளைகள் அன்று சட்டியைச் சுரண்டினார்கள். நண்டை உடைக்கத் தெரியாத ஆசிரியைக்கு நிஷல் பல்லால் உடைத்துக் காட்டினான். பெரியம்மா தன் தனிச் சட்டியில் இரண்டாம் தடவை கீரைக்குழம்பு வாங்கிக்கொண்டு, "இதுல என்னம்மா போட்டே?" என்று யூலாவைக் கேட்டார்.

"வெண்டைக்காயும் தேங்காய்ப் பாலும்தான். நண்டு போடாம இது நல்லா வராதுன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். உங்களாலதான் வரும்னு தெரிஞ்சுது."

நிஷல் வாய் நிறைய மாவுருண்டையோடு, "அப்பா, ஆட்டுப் பந்தயம்?" என்றான்.

"அது அடுத்த வருஷமும் ஓடும். சாப்பிடு" என்றார் சூக்தியோ.

அன்று சாயங்காலம் ஆப்ரி மெர்சியைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார். பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிட்டிருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மறுநாள் காலை, நீர் வற்றியிருந்த நேரம் நான் தனியாகப் போய் அந்த விசிறியைத் தேடினேன். ஏன் போனேன் என்று கேட்டால், முந்தின நாள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஞாபகம்தான். மூன்று மணி நேரம் மூழ்கித் தேடினேன். கடற்புல்லுக்குள் செருகிக் கிடந்தது. கொண்டுபோய் யூலா வீட்டு வாசலில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போனார். வரும்போது தட்டு நிறையத் தேங்காய் ரொட்டியும் உப்புமீன் கூட்டும் இருந்தன.

"நீ தட்டோட நிப்பேன்னு சொன்னேன்ல" என்றார்.

அடுத்த சீசனில் நான் மெர்சிக்கு மாறினேன். இருபத்தேழு வருஷமாகிறது.

போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஆசிரியைகள் தங்கள் பள்ளியில் சொன்னார்கள். சூக்தியோ தன் ஊர் முழுக்கச் சொன்னார். அடுத்த ஈஸ்டருக்குக் கடற்கரையில் வந்து நின்ற குடும்பங்கள், "படகை இழுப்பாங்களாமே, அது எது?" என்று எல்லாரிடமும் கேட்டார்கள். ஆப்ரியே விரலால் மெர்சியைக் காட்டினார். யூலாவுக்கு அது சங்கடமாக இருந்தது. அன்றைக்குச் சொன்னது பொய், வேறு வழியில்லாமல் சொன்ன பொய். அதை வைத்துத் தொழில் நடத்துவதா என்று கார்ல்டனிடம் சொல்லிக் குமைந்தார்.

"இப்போ நிஜமாவே ட்ரிப்ல சேத்துரு. அப்போ பொய் இல்லையே" என்றார் கார்ல்டன்.

அப்படித்தான் சேர்த்தார். நைலான் குளத்துக்குக் கிழக்கே இன்ஜினை அணைத்து, கயிறு கொடுத்து, பள்ளத்துக்கு முன்னால் நிறுத்தி, எண்ணி ஏற்றி, இன்ஜினில் கடப்பது. மிதவைச் சட்டை போடாமல் யாரும் இறங்கக் கூடாது. ஆனாலும் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருஷமே சூக்தியோ குடும்பம் திரும்பி வந்தது. சாப்பாடு முடிந்ததும் யூலா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்டர் சூக்தியோ, ஒண்ணு சொல்லணும். போன வருஷம் இன்ஜின் நிஜமாவே போயிருச்சு. விசிறி விழுந்துருச்சு. உங்க எல்லார்கிட்டயும் நான் பொய் சொன்னேன்."

சூக்தியோ பல் குத்துவதை நிறுத்தவில்லை.

"நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சர்க்கரை ஆலையில இன்ஜின் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷம். அந்தச் சத்தம் கேட்ட உடனே தெரியும்."

யூலா அவர் பக்கம் திரும்பினார். "அப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

"முதல்ல உங்களத் திட்டணும்னுதான் எழுந்து வந்தேன். வந்து பாத்தா உங்க முகத்துல பயம். ஆனா உங்க பேச்சுல அது இல்ல. பிள்ளைங்க எல்லாம் உங்க வாயையே பாத்துட்டிருக்கு. நான் வாயத் திறந்தா பத்துப் பிள்ளைங்க அழும். மூடிட்டு இருந்தா பத்துப் பிள்ளைங்க கயிறு இழுக்கும்." பல் குச்சியை எறிந்தார். "வீட்ல நான் சிரிச்சே பாத்ததில்லன்னு என் பசங்க சொல்லுவாங்க. போன வருஷத்துலேர்ந்து சொல்றதில்ல."

இன்று யூலாவுக்கு அறுபத்தொன்பது வயது. கார்ல்டன் இல்லை. அடுப்பு இப்போது என் பொறுப்பு. மெர்சிக்குப் பிறகு இன்னொரு படகும் வந்தது. அதை யூலாவிடம் பழகிய இரண்டு பெண்கள் ஓட்டுகிறார்கள். ஆனால் அவர் செய்ததில் நான் பெரிதாக நினைப்பது வேறொன்று.

ஒரு தடவை எங்கள் ஊர்ப் பள்ளியில் பவளப் பாறையை வரையச் சொன்னார்கள். சுவரில் மாட்டியிருந்த படங்களை யூலா பார்க்கப் போனார். பாதிப் பிள்ளைகள் ஓட்டல் விளம்பரத்தில் இருந்த அதே மஞ்சள் மீனை வரைந்திருந்தார்கள். விசாரித்தபோது, கடலுக்கு நூறு அடியில் வீடு இருக்கும் பிள்ளைகள்கூடப் பாறையை ஒரு தடவையும் பார்த்ததில்லை என்று தெரிந்தது. கண்ணாடிப் படகு வெளியூர்க்காரர்களுக்கு என்றுதான் அந்த வீடுகளில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கூப்பிட்டதில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் மெர்சி வெளியூர் ஆட்களை ஏற்றுவதில்லை. தீவின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு வகுப்பு வரும். அதே முதல் வரிசை, அதே கயிறு, அதே நண்டுக் கறி.

போன செவ்வாய் வடகோடியிலிருந்து ஒரு வகுப்பு வந்தது. குட்டையான ஒரு பெண், பேர் ஜனெல், கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு அசையவே இல்லை. மற்றவர்கள் பசி, பசி என்று காலை உதைத்தார்கள். கிளி மீன் ஒன்று பாறையைக் கொறிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்டி, இதெல்லாம் யாரோடது?"

"உன்னோடதும்தான்."

"நிஜமாவா?"

"நிஜமா. நல்லாப் பாரு."

திட்டில் அடுப்பை ஒரு பையனிடம் விட்டுவந்திருந்த எனக்கு மீன் காய்ந்துவிடுமே என்ற கவலை. "மிஸ் யூலா, மீன் காயுது, கிளம்பலாமா?" என்றேன்.

"காயட்டும்" என்றார். ஜனெல் தானாகத் தலையைத் தூக்க இன்னும் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் நங்கூரத்தை எடுக்கவில்லை.